கடினமானதை நாடிச் சென்ற மைக்கல் பரடே



பரீட்சை நெருங்கும்போது நம்மில் பலர் செய்யும் ஒரு காரியம் உண்டு. நன்றாகத் தெரிந்த அலகுகளைத் திரும்பத் திரும்பப் படிப்போம். விளங்காத அலகை நாளைக்கு, நாளை மறுநாளைக்கு என்று தள்ளிவைப்போம். தெரிந்ததைப் படிக்கும்போது மனதுக்கு இதமாக இருக்கிறது. தெரியாததைத் திறந்தாலே நெஞ்சு படபடக்கிறது. ஆனால் புள்ளிகள் கூடுவதும் அறிவு வளர்வதும் நாம் திறக்க அஞ்சும் அந்தப் பக்கங்களில்தான்.

சவால்களை ஏற்பவனே வளர்கிறான் என்று கட்டுரைகளில் நாம் எழுதுகிறோம். அதை எழுதுவது இலகு. வாழ்ந்து காட்டியவர்கள் சிலரே. அவர்களுள் ஒருவர் மைக்கல் பரடே. அவருக்கு உயர்கல்வி கிடைக்கவில்லை. கணிதம் தெரியாது. தெளிவாகப் பேச வராது. இவ்வளவு குறைகளோடு தொடங்கியவர் உலகின் தலைசிறந்த விஞ்ஞானிகளுள் ஒருவரானார். அது எப்படி நிகழ்ந்தது என்பதை இப்பகுதியில் படிப்போம்.

இளமையும் வறுமையும்

மைக்கல் பரடே 1791 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 22 ஆம் திகதி, இங்கிலாந்தில் இலண்டன் நகரை அடுத்திருந்த நியூவிங்டன் பட்ஸ் என்னும் இடத்தில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் ஓர் இரும்புக் கொல்லர். தாய் மார்கிரட். நான்கு பிள்ளைகளில் பரடே மூன்றாமவர். தந்தை அடிக்கடி நோய்வாய்ப்பட்டதால் பட்டறை வேலை ஒழுங்காக நடக்கவில்லை. 1801 ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தில் தானிய விலை மிகவும் உயர்ந்திருந்தது. அப்போது ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்த பரடேக்கு வீட்டில் ஒரு பாண் கொடுக்கப்பட்டது. அதை அவன் ஒரு வாரம் முழுவதும் வைத்துச் சாப்பிட வேண்டும்.

பாடசாலையில் அவர் கற்றது எழுத்து, வாசிப்பு, சிறிது எண்கணிதம் ஆகியவை மட்டுமே. 1804 இல், பதின்மூன்று வயதில், ஜோர்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். வாடிக்கையாளர் வீடுகளுக்குப் புதினப் பத்திரிகைகளைக் கொண்டுபோய்க் கொடுப்பதும், அவர்கள் வாசித்து முடித்த பின் அவற்றைத் திரும்ப வாங்கி வருவதும் அவருடைய வேலை. அடுத்த ஆண்டு அதே கடையில் புத்தகம் கட்டும் தொழிலைப் பழக ஏழு ஆண்டுகளுக்கு அமர்த்தப்பட்டார். சிறுவனின் உழைப்பைக் கண்ட ரீபோ, தொழில் பழக்குவதற்காக வழமையாக வாங்கும் பணத்தை அவரிடம் வாங்கவில்லை.

கட்டக் கொடுத்த புத்தகங்கள்

புத்தகம் கட்டுபவர்கள் பெரும்பாலும் அட்டையையும் நூலையும் பசையையும்தான் பார்ப்பார்கள். பரடே உள்ளே இருந்ததையும் வாசித்தார். கட்டுவதற்கு வந்த ஒரு கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை அவரைக் கவர்ந்தது. ஜேன் மார்செட் என்ற அம்மையார் எளிய உரையாடல் வடிவில் எழுதியிருந்த இரசாயன நூல் ஒன்றும் அவர் கையில் கிடைத்தது. வாசித்ததை அப்படியே நம்பாமல், கையில் கிடைத்த சில்லறையில் சிறு பொருட்களை வாங்கி, நூலில் கூறியவை உண்மைதானா என்று தாமே செய்து பார்த்தார். மின்னேற்றம் உண்டாக்கும் சிறு பொறி ஒன்றையும் சொந்தமாகச் செய்துகொண்டார்.

மனதைப் பண்படுத்துவது பற்றி ஐசக் வோட்ஸ் என்பவர் எழுதிய நூலும் அவருக்கு வழிகாட்டியது. குறிப்பு எடுத்தல், விரிவுரைகளுக்குச் செல்லுதல், நண்பர்களோடு கடிதம் மூலம் கருத்துப் பரிமாறுதல், கூடிக் கலந்துரையாடுதல் என்று அந்நூல் கூறிய வழிகளை அவர் ஒவ்வொன்றாகக் கடைப்பிடித்தார். 1810 இல் ஜோன் டேட்டம் என்பவர் நடத்திய விஞ்ஞான விரிவுரைகளுக்குச் செல்லத் தொடங்கினார். ஒரு விரிவுரைக்குக் கட்டணம் ஒரு சிலிங். அந்தப் பணத்தைக் கொடுத்தவர், தந்தையைப் போலவே கொல்லர் வேலை செய்த அண்ணன் றொபேட். அதே ஆண்டில் தந்தை இறந்தார். விரிவுரையில் காட்டப்படும் கருவிகளைச் சரியாக வரைய வேண்டும் என்பதற்காக, ரீபோவின் வீட்டில் தங்கியிருந்த ஓர் ஓவியரிடம் வரைதலையும் பழகினார்.

இங்கு ஒன்றைக் கவனியுங்கள். பகல் முழுவதும் கை வேலை, இரவில் படிப்பு. அவருக்குப் பரீட்சை எதுவும் இருக்கவில்லை. சான்றிதழும் கிடைக்கப் போவதில்லை. எந்தவித நிர்ப்பந்தமும் இல்லாமல் அவர் கடினமானதைத் தாமே தேடிக்கொண்டார்.

குறிப்புப் புத்தகம் திறந்த கதவு

1812 ஆம் ஆண்டு ஒரு வாடிக்கையாளர் அவருக்குச் சில நுழைவுச்சீட்டுகளைக் கொடுத்தார். அக்காலத்தில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற விஞ்ஞானியாக விளங்கிய சேர் ஹம்பிரி டேவி, றோயல் நிறுவனத்தில் ஆற்றிய விரிவுரைகளுக்கான சீட்டுகள் அவை. பரடே நான்கு விரிவுரைகளைக் கேட்டார். கேட்டவற்றை வீட்டில் விரிவாக எழுதி, படங்கள் வரைந்து, 300 பக்கங்களுக்கும் அதிகமான ஒரு நூலாகத் தம் கையாலேயே கட்டினார்.

விஞ்ஞானத் துறையில் மிகச் சிறிய வேலையாயினும் கிடைத்தால் போதும் என்று றோயல் சங்கத்தின் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினார். பதில் வரவில்லை. அந்த ஆண்டின் இறுதியில், தாம் கட்டிய குறிப்பு நூலை டேவிக்கே அனுப்பிவைத்தார். டேவி அவரை அழைத்துப் பேசினார். ஆனால் வெற்றிடம் இல்லை. புத்தகம் கட்டும் தொழிலை விடவேண்டாம் என்று அறிவுரை கூறி அனுப்பினார்.

சில வாரங்களில் நிலைமை மாறியது. ஆய்வுகூட உதவியாளர் ஒருவர் சண்டையிட்டதால் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். டேவிக்கு அந்தக் குறிப்பு நூல் நினைவுக்கு வந்தது. 1813 மார்ச் 1 ஆம் திகதி பரடே றோயல் நிறுவனத்தின் இரசாயன உதவியாளராக நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 21. சிறிய வாரச் சம்பளமும், கட்டடத்தின் மேல்மாடியில் இரண்டு அறைகளும் கிடைத்தன.

இதைச் சிலர் அதிர்ஷ்டம் என்பார்கள். வெற்றிடம் ஏற்பட்டது அதிர்ஷ்டம்தான். ஆனால் அந்த நேரத்தில் டேவியின் மேசைக்கு வந்திருந்த குறிப்பு நூல் பல இரவுகளின் உழைப்பாகும்.

அவமானத்தின் நடுவே ஒரு கல்வி

1813 ஒக்டோபரில் டேவி தம் மனைவியோடு ஐரோப்பியப் பயணம் புறப்பட்டார். பரடே விஞ்ஞான உதவியாளராக உடன் சென்றார். ஆனால் டேவியின் வேலைக்காரர் கடைசி நேரத்தில் வர மறுத்துவிட்டார். அதனால் உடைகளைக் கவனிப்பது, பயண ஒழுங்குகளைச் செய்வது போன்ற வேலைகளும் பரடேயின் தலையில் விழுந்தன. டேவியின் மனைவி அவரை ஒரு வேலையாளாகவே நடத்தினார். வேலைக்காரர்களோடு உண்ணும்படியும் செய்தார். மனம் நொந்த பரடே, இடையிலேயே வீடு திரும்பிவிடலாமா என்றுகூட எண்ணினார்.

அவர் திரும்பவில்லை. அப்பயணத்தில் பிரான்சில் அம்பியரையும், இத்தாலியில் முதுமையடைந்திருந்த வோல்ட்டாவையும் நேரில் கண்டார். பிரெஞ்சு, இத்தாலிய மொழிகளைப் பழகினார். டேவி செல்லுமிடமெல்லாம் செய்த பரிசோதனைகளுக்கு உதவினார். 1815 ஏப்ரலில் நாடு திரும்பியபோது, பல்கலைக்கழகம் போகாத அந்த இளைஞர் ஐரோப்பாவின் சிறந்த ஆய்வுகூடங்களைக் கண்டவராக இருந்தார். அவமானப்பட்ட இடத்திலேயே அவர் தம் கல்வியையும் பெற்றுக்கொண்டார்.

பேசக் கற்றுக்கொண்டவர்

இன்று பரடே சிறந்த விரிவுரையாளராகப் போற்றப்படுகிறார். ஆனால் அந்தத் திறமை அவருக்குப் பிறவியிலேயே அமைந்ததன்று. சிறுவயதில் சில ஒலிகளை உச்சரிக்கவே அவர் சிரமப்பட்டார். உழைப்பாளர் குடும்பத்தின் பேச்சு வழக்கு வேறு. கற்றோர் சபையில் எழுந்து பேசுவது அவருக்கு இலகுவாக இருக்கவில்லை.

எனவே பேச்சையும் ஒரு பாடமாகவே எடுத்துக்கொண்டார். பிறர் விரிவுரை நிகழ்த்தும்போது எப்படி நிற்கிறார்கள், எங்கே குரலை உயர்த்துகிறார்கள், எப்போது சபை சலிப்படைகிறது என்று கவனித்துக் குறித்துக்கொண்டார். பேச்சுப் பயிற்சி அளிக்கும் ஆசிரியர் ஒருவரிடம் பணம் செலுத்திப் பாடம் கேட்டார். தம் விரிவுரையின்போது ஒரு நண்பரை அமரச் செய்து, பிழைகளைக் குறித்துத் தரும்படி வேண்டினார். வேகமாகப் பேசும் பழக்கத்தைத் திருத்துவதற்காக, மெதுவாகப் பேசும்படி நினைவூட்டும் அட்டை ஒன்றும் அவர் முன்னே வைக்கப்பட்டது.

பிள்ளைகளுக்கான நத்தார்கால விரிவுரைகள் 1825 இல் றோயல் நிறுவனத்தில் ஆரம்பிக்கப்பட்டன. 1827 முதல் 1860 வரையான காலத்தில் பரடே அவற்றை 19 தடவைகள் நடத்தினார். ஒரு மெழுகுவர்த்தி எரிவதை மட்டும் வைத்துக்கொண்டு அவர் நிகழ்த்திய விரிவுரைத் தொடர் 1861 இல் நூலாகி, இன்றும் வாசிக்கப்படுகிறது.

பத்து ஆண்டுகள் சுமந்த கேள்வி

மின்னோட்டம் பாயும் கம்பிக்கு அருகில் வைத்த காந்த ஊசி அசைகிறது என்பதை 1820 இல் டென்மார்க்கைச் சேர்ந்த ஏர்ஸ்டெட் கண்டறிந்தார். 1821 செப்டெம்பரில் பரடே, மின்னோட்டம் பாயும் கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழலச் செய்தார். மின்மோட்டரின் ஆரம்பம் அதுதான். ஆனால் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. வொலஸ்டன் என்ற மூத்த விஞ்ஞானியின் கருத்தை அவர் எடுத்துக்கொண்டதாகச் சிலர் பழி கூறினார்கள். 1824 இல் அவர் றோயல் சங்கத்தின் அங்கத்தவராகத் தெரிவு செய்யப்படுவதை, அவரை வளர்த்துவிட்ட டேவியே எதிர்த்தார். பரடே தமது பக்க நியாயத்தை எடுத்துக்கூறிவிட்டு ஆய்வைத் தொடர்ந்தார். வாக்கெடுப்பில் அவருக்கு எதிராக விழுந்தது ஒரேயொரு வாக்குத்தான்.

அவர் மனதில் ஒரு கேள்வி இருந்தது. மின்சாரம் காந்தத்தை உண்டாக்கும் என்றால், காந்தத்தால் மின்சாரத்தை உண்டாக்க முடியாதா? இக்கேள்வியோடு 1824, 1825, 1828 ஆகிய ஆண்டுகளில் பரிசோதனைகள் செய்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. 1831 ஆகஸ்ட் 29 ஆம் திகதி ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் தனித்தனியே செப்புக் கம்பிச் சுருள்களைச் சுற்றினார். ஒரு சுருளை மின்கலத்தோடு இணைத்தபோது, மற்றச் சுருளோடு தொடர்புபட்டிருந்த காந்த ஊசி ஒரு கணம் அசைந்து நின்றது. இணைப்பைத் துண்டித்தபோது மீண்டும் அசைந்தது. மின்னோட்டம் சீராகப் பாய்ந்துகொண்டிருக்கும்போது அசைவே இல்லை.

அந்தச் சிறு அசைவில்தான் விடை இருந்தது. காந்தம் சும்மா இருந்தால் போதாது. காந்தப்புலம் மாற வேண்டும். ஒக்டோபர் 17 ஆம் திகதி கம்பிச் சுருளுக்குள் ஒரு சட்டக் காந்தத்தைச் செலுத்தியும் எடுத்தும் மின்னோட்டத்தைப் பெற்றார். அம்மாத இறுதியில் காந்த முனைவுகளுக்கிடையே ஒரு செப்புத் தட்டைச் சுழற்றித் தொடர்ச்சியான மின்னோட்டத்தையும் பெற்றார். இதுவே மின்காந்தத் தூண்டல். லக்சபானவில் நீரின் வேகத்தால் சுழலும் மின்பிறப்பாக்கியும், உங்கள் வீதியோரத்து நிலைமாற்றியும் இதே தத்துவத்தில்தான் இயங்குகின்றன. இதைப் படிக்க நீங்கள் போடும் மின்குமிழுக்குப் பின்னாலும், விடை கிடைக்காமல் கழிந்த அந்தப் பத்து ஆண்டுகள் இருக்கின்றன.

வீணாகாத தோல்வி

தொலைகாட்டிகளுக்கு உகந்த உயர்தரக் கண்ணாடியைச் செய்யும் பணி 1820களின் பிற்பகுதியில் பரடேயிடம் ஒப்படைக்கப்பட்டது. உலையின் முன்னே நின்று ஆண்டுக்கணக்கில் உழைத்தும் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. பணி கைவிடப்பட்டது. எஞ்சியவை ஈயம் கலந்த சில பாரமான கண்ணாடித் துண்டுகள்.

1845 செப்டெம்பரில் ஒளிக்கும் காந்தத்துக்கும் தொடர்பு உண்டா என்று பரடே தேடிக்கொண்டிருந்தார். பல பொருட்களை வைத்துப் பார்த்தும் பயனில்லை. இறுதியில் அந்தப் பழைய கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்து வைத்தார். அதனூடாகச் சென்ற முனைவாக்கப்பட்ட ஒளியின் தளம், காந்தத்தின் விளைவால் திரும்பியது. ஒளியும் காந்தமும் தொடர்புடையவை என்பதற்கு முதல் சான்று கிடைத்தது. தோல்வி என்று ஒதுக்கப்பட்ட வேலை, ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் பயன் தந்தது.

எல்லாத் தோல்வியும் இப்படிப் பலன் தரும் என்று எண்ணிவிட வேண்டாம். ஈர்ப்புக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பு காண அவர் செய்த முயற்சிகள் வெற்றி பெறவில்லை. அதை மறைக்காமல் அவரே எழுதி வெளியிட்டார். 1862 இல், ஒளியின் நிறமாலையைக் காந்தம் மாற்றுமா என்று அவர் செய்த பரிசோதனையும் பலிக்கவில்லை. 1896 இல் சீமன் என்ற நெதர்லாந்து விஞ்ஞானி சிறந்த கருவிகளோடு அதைச் செய்து வெற்றி கண்டார். பரடேயின் கேள்வி சரி. அக்காலக் கருவிகள்தாம் போதவில்லை.

கணிதம் என்னும் மதில்

பரடே எல்லாக் குறைகளையும் வென்றுவிடவில்லை. உயர்கணிதம் அவருக்குக் கடைசிவரை வசப்படவில்லை. அதற்காக அவர் ஆய்வை நிறுத்தவுமில்லை. சமன்பாடுகளால் சிந்திக்க முடியாதபோது படங்களால் சிந்தித்தார். காந்தத்தின் மேல் வைத்த கடதாசியில் இரும்புத்தூள் அமையும் கோலத்தைக் கண்டு, காந்தத்தைச் சுற்றி விசைக்கோடுகள் பரந்திருப்பதாகக் கருதினார். புலம் என்ற எண்ணக்கரு இவ்வாறே வளர்ந்தது. கணிதம் அறிந்த பலர் இதைப் பெரிதாக மதிக்கவில்லை. ஆனால் ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் என்ற இளம் கணித வல்லுநர் 1850களில் அக்கருத்துகளைக் கணித மொழியில் எழுதத் தொடங்கினார். பிற்கால வானொலி முதலானவற்றுக்கு அடித்தளமான மின்காந்தக் கொள்கை அதிலிருந்தே உருவானது.

மறதியும் அவரைத் துன்புறுத்தியது. அதற்கு அவர் கண்ட மருந்து எழுதுதல். தம் ஆய்வுக் குறிப்பேட்டில் ஒவ்வொரு பந்திக்கும் இலக்கமிட்டு, 16000 இற்கும் மேற்பட்ட பந்திகளை எழுதிவைத்தார். 1840 அளவில் கடும் உழைப்பால் உடல்நலமும் மனநலமும் குன்றியபோது வேலையைக் குறைத்துக்கொண்டு, 1841 இல் சுவிற்சர்லாந்து சென்று ஓய்வெடுத்தார். சவாலை ஏற்பது என்றால் உறக்கமின்றி உடலை வருத்துவது என்று பொருளல்ல. இதைப் பரீட்சைக்கால மாணவர்கள் கட்டாயம் மனதில் கொள்ள வேண்டும்.

இறுதிக் காலம்

சேர் பட்டத்தை அவர் ஏற்க மறுத்தார். றோயல் சங்கத்தின் தலைமைப் பதவி இருமுறை தேடி வந்தபோதும் வேண்டாம் என்றார். 1858 இல் விக்டோரியா மகாராணியார் ஹம்டன் கோர்ட்டில் அவருக்கு ஒரு வீட்டை வழங்கினார். 1867 ஆகஸ்ட் 25 ஆம் திகதி அவ்வீட்டிலேயே காலமானார். அவருடைய விருப்பப்படி ஹைகேட் மயானத்தில் ஆடம்பரமின்றி அடக்கம் செய்யப்பட்டார். மின்கொள்ளளவத்தின் அலகு அவர் பெயரால் பரட் எனப்படுகிறது.

இவ்வாழ்க்கை கற்பிக்கும் பாடங்கள்

1. வாசித்ததோடு நிற்காமல் எழுதிப் பார்க்க வேண்டும். பரடேக்கு வேலை பெற்றுக் கொடுத்தது அவருடைய குறிப்புப் புத்தகம்.

2. குறையை மறைப்பதைவிடப் பிறரிடம் காட்டித் திருத்திக்கொள்வது மேல். உங்கள் விடைத்தாளை நண்பரிடம் கொடுத்துப் பிழை பிடிக்கச் சொல்லுங்கள்.

3. ஒரு வழி அடைபட்டால் மறு வழியைத் தேட வேண்டும். சமன்பாடு வராத இடத்தில் படம் கைகொடுத்தது.

4. விடை உடனே வராவிட்டால் கேள்வியைக் கைவிடக் கூடாது.

5. உதவியவர்களை மறக்கக் கூடாது. அண்ணன் கொடுத்த ஒரு சிலிங்கும் இவ்வரலாற்றில் ஒரு பங்கு வகிக்கிறது.

நினைவில் இருத்த வேண்டிய ஆண்டுகள்

1791 – பிறப்பு
1805 – புத்தகம் கட்டும் தொழில் பழகத் தொடங்குதல்
1813 – றோயல் நிறுவனத்தில் நியமனம்
1821 – மின்னால் சுழற்சி
1831 – மின்காந்தத் தூண்டல்
1845 – ஒளிக்கும் காந்தத்துக்கும் உள்ள தொடர்பு
1867 – மறைவு

கட்டுரை எழுதுவோருக்கு

முயற்சி, தன்னம்பிக்கை, வாசிப்பின் பயன், நான் விரும்பும் பெரியார் ஆகிய தலைப்புகளுக்கு இவ்வாழ்க்கை பொருந்தும். முழு வரலாற்றையும் எழுதி நேரத்தை வீணாக்க வேண்டாம். தலைப்புக்கு ஏற்ற ஒரு நிகழ்ச்சியை மட்டும் தெரிவுசெய்து, அதை ஆறேழு வாக்கியங்களில் தெளிவாக விபரித்து, உங்கள் கருத்தோடு இணையுங்கள். வெறும் புகழ்ச்சியைவிட ஒரு நிகழ்ச்சி அதிக பலம் தரும்.

பயிற்சி

1. பரடே றோயல் நிறுவனத்தில் வேலை பெற்ற வரலாற்றைச் சுருக்கி எழுதுக.

2. பரடே தமது பேச்சுக் குறையைத் திருத்திக்கொள்ளக் கையாண்ட வழிகள் மூன்று தருக.

3. தோல்வியும் பயன் தரும் என்பதற்கு இப்பகுதியிலிருந்து ஒரு சான்று காட்டி விளக்குக.

4. நீங்கள் நீண்ட நாளாகத் தள்ளிவைத்திருக்கும் ஒரு பாட அலகின் பெயரை எழுதுக. அதைக் கற்பதற்கு இந்த வாரம் நீங்கள் செய்யப் போகும் மூன்று வேலைகளைக் குறிப்பிடுக.

நான்காவது வினாவுக்குப் புள்ளி இல்லை. ஆயினும் முதலில் அதற்கே விடை எழுதுங்கள். எழுதி முடித்ததும் அந்த அலகின் முதற்பக்கத்தைத் திறவுங்கள்.